மூன்று மொழி, ஒரு சுருதி: கலப்புப் பாட்டு எங்கே இழுக்கிறது, எங்கே பிசகுகிறது

கேள்வி இதுதான். நல்லூர்ப் பக்கத்தில் ஐந்து பேர் கொண்ட ஒரு குழு. ஒரு நாதஸ்வரம், ஒரு தவில், கிற்றாரும் கீபோட்டும் வாசிக்கும் ஒருவர், ஒரு தமிழ்ப் பாடகி, மாத்தறையிலிருந்து வந்து இங்கே படிக்கும் ஒரு சிங்களப் பாடகர். தமிழ், சிங்களம், மட்டக்களப்புப் பறங்கியர் பேசும் போர்த்துக்கேயக் கிரியோல் (போர்த்துக்கேயமும் உள்ளூர்ப் பேச்சும் கலந்த மொழி) என்று மூன்று மொழியில், இலங்கையின் துள்ளல் ஆட்டப் பாட்டான பைலாவின் சாயலில் ஒரு பாட்டுச் செய்திருக்கிறார்கள். கேட்டவர்கள் "மூன்று பாட்டை வெட்டி ஒட்டினமாதிரிக் கிடக்கு" என்கிறார்களாம். வெளிநாட்டுக் குழுக்கள் செய்யும்போது ஒரு சொல் விளங்காமலே மனம் இழுபடுகிறதே, எங்களுடையது ஏன் ஒட்டவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

மொழியை முதலில் கலந்துவிட்டீர்கள் என்பதே காரணம். அது கடைசியாகச் செய்யவேண்டிய வேலை. சுருதி எங்கே சந்திக்கிறது, தாளம் எங்கே சந்திக்கிறது, எழுத்தின் நீளம் எங்கே சந்திக்கிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் சொல்லுக்கு வரவேண்டும். அந்தச் சந்திப்புகள் சரியாக அமைந்தால் மொழி எத்தனை என்று ஒருவரும் எண்ணமாட்டார்கள்.

விளங்காத மொழியில் பாட்டுக் கேட்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிய பழக்கம் அல்ல. தியாகராஜரின் தெலுங்குக் கீர்த்தனைகளைச் சொல் பிரித்துப் பொருள் சொல்லத் தெரியாமலே தலைமுறைகளாகக் கண்ணீர் வரக் கேட்ட ஊர் இது. 1960களில் வழிபாட்டு மொழி மாறும்வரை கத்தோலிக்கத் தேவாலயங்களில் இலத்தீன் பாடல் ஒலித்தது. இலங்கை வானொலியின் ஹிந்திச் சேவையை வீடு வீடாகக் கேட்டார்கள். பொருள் விலகி நிற்கும்போது காது வேறு வேலை பார்க்கிறது: குரலின் கரகரப்பு, உயிரெழுத்தின் நீட்டல், மூச்சு எடுக்கும் இடம், தாளத்தின் தள்ளல் எல்லாம் முன்னுக்கு வருகின்றன. அதோடு, அந்நியக் குரலுக்குள் எங்களுக்குத் தெரிந்த ஒன்று திடீரென்று தலைகாட்டும். சரளிவரிசை என்ற முதற் பாடத்தை மாயாமாளவகௌளை ராகத்தில் படித்த பிள்ளை அரபு நாட்டுப் பாட்டொன்றைக் கேட்டு "இது மாயாமாளவகௌளை எல்லோ" என்று நிமிர்கிறதே, அந்தக் கணத்தில்தான் இந்த இசையின் முழு ஈர்ப்பும் இருக்கிறது. அரபு இசையின் ஹிஜாஸ் கார் என்ற மக்காமும் (ராகம் போன்ற சுர அமைப்பு) மாயாமாளவகௌளையும் ஏறத்தாழ ஒரே சுரவரிசை. தேவாரத்தில் இந்தளம் என்ற பண்ணாக நாங்கள் பாடுவதும் அதுவே. கொல்லிப் பண்ணை இன்று நவரோஜ் ராகத்தில் பாடுகிறோம். அந்தப் பெயர் பாரசீகப் புத்தாண்டின் பெயர். கலப்பு எங்கள் வீட்டுக்குள் எப்போதோ வந்துவிட்டது.

"வேர்ல்ட் மியூசிக்" என்ற பெயர் 1987இல் இலண்டனில் சில இசைத்தட்டு நிறுவனத்தார் கூடி, கடையில் எந்தத் தட்டில் வைப்பது என்பதற்காகத் தேர்ந்தெடுத்த பெயர். கலப்பு வேலை அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. 1970களில் கிற்றார் கலைஞர் ஜோன் மெக்லாக்லினோடு "சக்தி" குழுவில் வயலின் வாசித்த எல். சங்கர் சின்ன வயதில் வளர்ந்தது இங்கேதான். அவருடைய தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் சங்கீதம் கற்பித்தவர். 1958 கலவரத்தின் பிறகு குடும்பம் இந்தியாவுக்குப் போயிற்று. அந்தக் குழுவில் கவனிக்கவேண்டியது ஒரு சின்ன விஷயம். மெக்லாக்லின் தன் கிற்றாரின் விரற்பலகையை ஃபிரெட்டுக்கு (குறுக்குக் கம்பிக்கு) ஃபிரெட் குழிவாகச் செதுக்குவித்து, சுருதி பிடிக்கக் குறுக்கே தனித் தந்திகளும் போடுவித்தார். தந்தியை ஆழமாக அழுத்திக் கமகம் (சுரத்தின் அசைவு) கொண்டுவர அது வழிசெய்தது. கர்நாடக இசையைக் கிற்றாருக்குள் அடக்காமல் கிற்றாரை அதற்கு இணங்க மாற்றினார். உங்கள் பாட்டிலும் யார் எங்கே இணங்குவது என்று முதலில் முடிவெடுங்கள்.

சுருதியில் நாதஸ்வரத்துக்குத்தான் மற்றவர்கள் இணங்கவேண்டும், வேறு வழி கிடையாது. பாரி என்ற நீண்ட நாதஸ்வரம் 2, 2½ கட்டை அளவில் நிற்கும் (கட்டை என்பது சட்ஜத்தின் உயரம்: 1 கட்டை சி, 2 கட்டை டி, 2½ கட்டை டி ஷார்ப்). திமிரி என்ற குட்டை நாதஸ்வரம் அதைவிட உயர்ந்தது. எதுவானாலும் அது கீபோட்டின் அளவோடு அச்சொட்டாக நிற்காது. வாசிக்க வாசிக்க மூச்சுச் சூட்டில் சுருதி ஏறும். வாயில் வைத்து ஊதும் சீவாளியை மாற்றினாலும் மாறும். ஆகவே வித்துவானைப் பத்துப் பதினைந்து நிமிடம் வாசிக்கவிட்டு, பிறகு மத்திய ஸ்தாயி சட்ஜத்தை (ச என்ற அடிச் சுரத்தை) நீளமாகப் பிடிக்கச் சொல்லி, கைபேசியில் சுருதி காட்டும் செயலியால் அளவுங்கள். 2½ கட்டை என்றால் கணக்குப்படி 311.1 ஹேர்ட்ஸ். செயலி 315 என்று காட்டினால், நாதஸ்வரம் 21 சென்ற் உயர்ந்து நிற்கிறது. ஒரு அரைச்சுரம் 100 சென்ற். கீபோட்டின் மாஸ்டர் டியூனிங்கை (முழு வாத்தியத்தின் சுருதி அளவை) 440இலிருந்து 445.5க்கு ஏற்றுங்கள். இதைச் செய்யாமல் எத்தனை முறை ஒத்திகை பார்த்தாலும் பாட்டு "ஏதோ சரியில்லை" என்றே கேட்கும், என்ன சரியில்லை என்றும் பிடிபடாது.

கிற்றாரின் ஆறாம், இரண்டாம், முதலாம் தந்திகளை ஒவ்வொரு முழுச்சுரம் இறக்குங்கள். டி-ஏ-டி-ஜி-ஏ-டி வரும். 2 கட்டையில் அது ச-ப-ச-ம-ப-ச. முதல் ஃபிரெட்டில் கேப்போ (தந்திகளை ஒன்றாக அமத்தும் கவ்வி) போட்டால் 2½ கட்டை. திறந்த தந்திகளே தம்புராவாகிவிடும், விரல் சுரத்துக்கு விடுதலையாகும்.

பாடகிக்கு 5½ கட்டை வசதி என்றால் சண்டை வேண்டாம். 2½ கட்டையின் மத்திமம் சரியாக 5½ கட்டையில் விழுகிறது. அவர் வரும் பகுதியை மத்திம சுருதியில் வைத்தால், நாதஸ்வரத்தின் மத்திமமே அவருக்குச் சட்ஜம். வாத்தியம் மாறவேண்டியதில்லை, கிற்றாரில் நான்காம் தந்தியை விட்டு ஜி தந்தியைச் சட்ஜமாக மீட்டினால் காணும். சிங்களப் பாடகர் 2½ கட்டையில் கீழ் ஸ்தாயியில் பாடட்டும். இப்படி இரண்டு குரலும் இரண்டு சட்ஜத்தில் நிற்பது கேட்பவருக்கு ஊர் மாறியதுபோல ஒரு திறப்பைக் கொடுக்கும். கீபோட் பொத்தானை அமத்திச் சுருதி ஏற்றுகிற சினிமா வழக்கத்தைவிட இது பல மடங்கு வடிவு.

கோர்ட் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். அரைச்சுரங்களைச் சம அளவாக வைத்த கீபோட்டின் அந்தரகாந்தாரம் (சட்ஜத்துக்கு மேலே நான்காம் அரைச்சுரம்), நாதஸ்வரம் இயல்பாகப் பிடிக்கும் காந்தாரத்தைவிட 14 சென்ற் கூட. சட்ஜம் 311.1 என்றால் இயல்பான காந்தாரம் 388.9, கீபோட்டில் 392. இரண்டும் ஒன்றாக நீண்டு ஒலித்தால் செக்கனுக்கு மூன்று தரம் அலையடிக்கும். கேட்பவர்கள் பழியை நாதஸ்வரத்தில் போடுவார்கள். காந்தாரம் நீளமாக நிற்கும் இடத்தில் கீபோட்காரர் காந்தாரத்தை விட்டு ச-ப-ச மட்டும் பிடிக்கவேண்டும். தோடி, பைரவி போன்றவற்றில் கோர்ட்டே வேண்டாம். தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையில் அசைந்துகொண்டிருப்பது. அதன்கீழ் அசையாத ஒரு சுரத்தை வைத்தால் ராகம் செத்துவிடும்.

கலப்புக்கு மோகனம் தாராளமாக இடம் கொடுக்கும். அதே ஐந்து சுரங்கள் சீனாவிலும் ஸ்கொட்லாந்திலும் மேற்காபிரிக்காவிலும் உண்டு, கோர்ட்டும் தாங்கும். ஹிந்தோளம் எல்லாருக்கும் ஆசை, ஆனால் அதில் பஞ்சமம் இல்லை. கிற்றார்காரர் சட்ஜத்தை மூலமாக வைத்து மைனர் பிடித்தால் பஞ்சமம் தானாக வந்துவிடும். மத்திமத்தை மூலமாக வையுங்கள்: ம-த-ச ஒரு சுத்தமான மைனர், த-ச-க ஒரு சுத்தமான மேஜர். இரண்டு கோர்ட்டிலும் ஒரு அந்நியச் சுரமும் இல்லை. மேலே சொன்ன தந்தி அமைப்பிலும் இரண்டு பஞ்சமத் தந்திகளை மத்திமத்துக்கு இறக்கவேண்டும், மறந்தால் ஒவ்வொரு மீட்டலிலும் அபசுரம்.

இனித் தாளம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பைலாவின் 6/8க்கு (ஒரு பாருக்கு ஆறு மாத்திரை) மேல் தவில் சதுஸ்ர நடையில் (தட்டுக்கு நான்கு மாத்திரை) ஆதிதாளம் வாசிக்கிறது. ஒட்டாமைக்குப் பெரிய காரணம் இதுவாகத்தான் இருக்கும். ஆதியைத் திஸ்ர நடையில் வையுங்கள். எட்டுத் தட்டு, தட்டுக்கு மூன்று மாத்திரை, மொத்தம் 24. 6/8இன் நான்கு பார் அது. நான்கு பார் பல்லவி ஒரு ஆவர்த்தனத்தில் (தாளத்தின் ஒரு சுற்றில்) அச்சொட்டாக உட்காரும்.

அதற்குள் இன்னொரு நுட்பம் உண்டு. பைலாவும் அதோடு உறவான கஃப்ரிஞ்ஞா ஆட்டப் பாட்டும் உடம்பை ஆட்டுவதற்குக் காரணம், ஆறு மாத்திரையை 3+3 என்றும் 2+2+2 என்றும் மாறி மாறிக் கேட்கவைப்பது. தவில்காரருக்கு "தகிட தகிட", "தக தக தக" என்று சொன்னால் உடனே விளங்கும். தவிலின் இடப்பக்கமான தொப்பியில் கழி 3+3ஐப் பிடிக்க, வலப்பக்கமான வலந்தலையில் விரல் 2+2+2 ஓடட்டும். இரண்டு கையும் இரண்டு கணக்கு வைத்திருப்பது யாழ்ப்பாணத்துத் தவிலுக்குப் பழகிய காரியம். தவில் மேதை தெட்சணாமூர்த்தியை வளர்த்த மண்ணில் இதற்கு டிரம் மெஷின் தேடவேண்டியதில்லை.

பிற நாட்டுத் தாளங்களுக்கும் சொற்கட்டே நல்ல பாலம். கியூபாவின் கிளாவே என்ற அடிப்படைத் தாளத்தைத் "தகிட தகிட தகதிமி தக தகதிமி" என்று சொல்லிப் பாருங்கள்: 3+3+4+2+4, மொத்தம் 16. கிரேக்கத்திலும் மசிடோனியாவிலும் ஆடும் ஏழின் கணக்குப் பெரும்பாலும் 3+2+2. மிஸ்ரசாபுவின் "தகிட தக திமி" அதுவேதான். ஆனால் பல்கேரியாவில் 2+2+3 என்றும் ஒரு ஆட்டம் உண்டு. எண்ணிக்கை ஒன்று, அடி விழும் இடம் வேறு. கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துச் சேர்த்தால் கால் இடறும்.

எடுப்பில், அதாவது பாட்டுத் தொடங்கும் இடத்தில், கட்டாயம் பிசகு வரும். எங்கள் வழக்கத்தில் சமம் (தாளத்தின் முதற் தட்டு) கழிந்து அரை இடம் தள்ளிப் பாட்டு எடுப்பது சாதாரணம். பார் எண்ணி வளர்ந்தவரோ பாட்டின் முதற் சொல்லைத்தான் "ஒன்று" என்று கேட்பார். இரண்டு ஆவர்த்தனத்தில் அவர் ஒரு பக்கம், தவில் ஒரு பக்கம். மருந்து சுலபம்: ஒத்திகையில் கைத்தாளம் ஒருவர் கையில் இருக்கவேண்டும், சமத்தில் மட்டும் அடிக்கவேண்டும். தீர்மானங்களையும் (மூன்று முறை வாசித்து முடிக்கும் சொற்கட்டுகளையும்) எழுதிக் கொடுங்கள். "தாதிகிணதொம்" மூன்று முறை 15 மாத்திரை, இடையில் மும்மூன்று மாத்திரைக் கார்வை (இடைவெளி) 6, ஆகமொத்தம் 21. முதற் தட்டை விட்டு இரண்டாம் தட்டில் தொடங்கினால் 3+21=24; அடுத்த சமத்தில் பல்லவி. கிற்றார்காரருக்கு இது "நான்கு பார் சும்மா இரு, பிறகு வா" என்ற ஒரு வரிதான்.

தாளமே இல்லாத இடத்தையும் பயன்படுத்துங்கள். தமிழில் விருத்தம், சிங்களத்தில் சீபத. இரண்டும் தாளக்கட்டு இல்லாமல் நான்கு அடியில் பாடுவன. சுருதி பிடிக்கும் ஒத்து மட்டும் நிற்க, பாடகி இரண்டடி, பாடகர் இரண்டடி என்று மாறிப் பாடித் தொடங்கினால் இரண்டு மொழியும் முதல் நிமிடத்திலேயே ஒரு வீட்டுக்குள் வந்துவிடும். நான் அறிந்த வழிகளில் இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

இப்போது சொல். தமிழில் குறிலும் நெடிலும் பொருளை மாற்றும். பிற மெட்டின் நீண்ட சுரம் குறிலின்மேல் விழுந்தால் கல் காலாகிறது, படம் பாடமாகிறது, விடு வீடாகிறது. பைலாவின் சாதாரணத் துள்ளல் 2+1+2+1. "காடு மேடு" என்று பாடிப் பாருங்கள், சட்டை தைத்ததுபோல உட்காரும். அதே இடத்தில் "மரம் செடி" என்று வைத்தால் "மாரம் சேடி" என்று வரும். கடல் என்ற சொல் 1+2. அது வேண்டுமென்றால் இரண்டு மாத்திரை தள்ளி எடுங்கள், "காடல்" ஆகாது. 2+2+2 வரும் இடத்தில் "எங்கே நீ" போன்ற நெடிலும் மெய்யும் நிறைந்த சொற்கள். கவிஞர் அழகாக எழுதித் தந்ததைப் பாடகி நீட்டிக் கெடுப்பதைத் தடுக்க, மெட்டை முதலில் 1, 2 என்று இலக்கமாக எழுதிக் கவிஞரிடம் கொடுங்கள்.

சிங்களப் பாடகர் தமிழ் பாடும்போது என்ன நடக்கும் என்று தெரிந்து எழுதவேண்டும். சிங்களத்தில் ள, ண எழுத்தில் உண்டு, இன்றைய பேச்சில் ல, ன இலிருந்து வேறுபடுவதில்லை. ழ அறவே இல்லை. "பள்ளி" என்பார், எங்கள் காதில் "பல்லி" விழும். "மணம்" "மனம்" ஆகும். அவருடைய குரலை ஆறு மாதம் திருத்துவதைவிட, அவர் வாயில் வரும் தமிழ் வரியில் ழ, ள, ண மேல் பொருள் தொங்காத சொற்களைப் போடுவது நல்லது.

மறுபக்கம் எங்கள் பிழை. தமிழ் எழுத்து "தங்கம்" என்பதில் வரும் க ஒலியையும் "கண்" என்பதில் வரும் க ஒலியையும் பிரித்துக் காட்டாது. ஏ. ஈ. மனோகரன் பாடிப் புகழாக்கிய "சுராங்கனி"யில் சிங்கள வரி, மீன் கொண்டுவந்ததைச் சொல்கிறது. கொண்டுவந்ததற்கான சொல் "தங்கம்" என்பதன் கவில் தொடங்கும் "கெனாவா". தமிழில் பலர் அதைக் "கண்ணா வா" என்று பாடுகிறார்கள். இனிமையாகத்தான் இருக்கிறது, ஆனால் மீன் போய்விட்டது. கீர்த்தனைப் புத்தகங்களில் க³, ட³, த³, ப³ என்று இலக்கம் போட்டு அச்சிடுவார்களே, அதே முறையில் சிங்கள வரியை எழுதிக் கொள்ளுங்கள். சிங்களத்தில் கண்ணுக்கான சொல்லின் முதல் உயிர் அகரமும் அல்ல, எகரமும் அல்ல. ஆங்கிலத்தில் "பேங்க்" என்று சொல்லும்போது வரும் உயிர். அதற்கு ஒரு புள்ளியோ கோடோ தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கிரியோல் வரிகளுக்கு லிஸ்பனின் போர்த்துக்கேயத்தைக் கேட்டுப் படிக்கவேண்டாம், அது வேறு. மட்டக்களப்பில் அதைப் பேசி வளர்ந்த ஒருவரை, ஒவ்வொரு சொல்லாக மெதுவாகவும் பிறகு வேகமாகவும் சொல்லவைத்துப் பதிவு செய்யுங்கள்.

ஒரு மொழியின் வரியை மற்ற மொழியில் அப்படியே திருப்பிச் சொல்லவேண்டாம். கேட்பவர் பாட்டை விட்டு விளக்கவுரை கேட்கத் தொடங்குவார். தமிழ் கேட்க, சிங்களம் பதில் சொல்லட்டும். கிரியோல் நாலைந்து சொல்லில் பிற்பாட்டாக நிற்கட்டும், கூத்தில் பிற்பாட்டுக்காரர் நிற்பதுபோல. மூன்று மொழிக்கும் சம பங்கு கொடுக்கும் நினைப்பை விடுங்கள். பாட்டுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. குர்ஆன் ஓதலை வெட்டி எடுத்துத் தாளத்தில் போடுவதும் வேண்டாம். ஓதுபவர்கள் அதை இசையாகக் கருதுவதில்லை, மனம் நோகும்.

பதிவு பற்றிக் கொஞ்சம். முதலில் கைத்தாளத்தோடு தவிலையும் ஒரு வழிகாட்டிக் குரலையும் பதியுங்கள், மற்றவை அதன்மேல். வெறும் கிளிக்கை (கணினி தட்டும் தாள ஒலியை) காதில் கொடுத்தால் தவில் சுவாசிக்காது. கட்டாயம் வேண்டுமென்றால் சொற்கட்டைச் சொல்லிப் பதிந்து அதையே கிளிக்காகக் கொடுங்கள். வலந்தலைக்கும் தொப்பிக்கும் தனித்தனி மைக், 30 முதல் 40 சென்றிமீற்றர் தள்ளி. நாதஸ்வரத்துக்கு அதன் விரிந்த வாயான அணசுக்கு நேரே வைக்காமல், ஒரு மீற்றர் தள்ளி விரல் துளைகளைப் பார்த்தபடி. சீமெந்துச் சுவர் அறை என்றால் பாயும் தடித்த போர்வையும் சுற்றிவரத் தொங்கவிடுங்கள்.

பதிவுக்கு முன் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: மெட்டு யாருடையது, எந்த வரி யாருடையது, வருமானம் எப்படிப் பிரியும். கிரியோல் வரி நாட்டார் பாட்டா, ஒருவர் கட்டியதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கியவர் இறந்து 70 ஆண்டுவரை உரிமை நிற்கும். தென்னாபிரிக்காவின் சொலமன் லிண்டா 1939இல் பதிந்த "ம்பூபே" என்ற பாட்டு உலகம் முழுக்கப் பாடப்பட்டது. அதிலிருந்த ஸுலு மொழிச் சொல்லைப் பிழையாகக் கேட்டு "விமோவே" என்று பாடினார்கள். அவர் வறுமையில் இறந்தார், குடும்பத்துக்கு நியாயமான உடன்பாடு கிடைத்தது 2006இல். மட்டக்களப்பில் உங்களுக்கு அந்த வரியைச் சொல்லித் தருபவரின் பெயரும் அந்தத் தாளில் இருக்கவேண்டும்.